சிரஸ்தார் சுலோசன முதலியார்

பொதியமலையிற் பிறந்து நெல்லைச் சீமையை ஊட்டி வளர்த்துப் புன்னைக்காயலருகே கடலொடு கலக்கும் தாமிரவர்ணியைப் போற்றாத புலவர் அரியர். அதன் நீரைத் தேக்கி வயல்களுக்குப் பகிர்ந்தளித்த பழைய அரசரும் பலர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என ஏழு அணைகள் கும்பினியார் இந்நாட்டில் வரி வாங்கத் தொடங்குமுன்னரே அந்நதியின் குறுக்கே நின்றன. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை மட்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. இவ்வாறு நீரை நிறுத்துதற்கு இத்துணை முறை கல்லடுக்கிய நம் முன்னோர், திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே அந்நீரைக் கடத்தற்குக் கல்லடுக்க எண்ணினாரில்லை. அதனைச் செய்வித்தவர் முடிபுனைந்த அரசருமல்லர், படைகொண்ட பாளையக்காரருமல்லர். கலெக்டர் கச்சேரியிற் கணக்கும் கடிதமும் பார்த்திருந்த ஓர் உத்தியோகஸ்தர். சுலோசன முதலியார் என்னும் அவர் பெயரை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். ஆயின் பாலத்தின் பெயராகவன்றி ஒரு மனிதரின் பெயராக அதனைச் சொல்லுவோர் மிகச் சிலரே. ஆதலின் அம்மனிதரைப்பற்றி ஈண்டுச் சிறிது எழுதப் புகுந்தோம்.

பாலமில்லாத காலத்து நிலையை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும். நதியின் மேற்புறத்தே நெல்லையப்பர் கோயிலும், அதனைச் சூழ்ந்த தேர்வீதிகளும், பெருங் கடைத்தெருக்களும் இருந்தன. கீழ்ப்புறத்தே பாளையங்கோட்டைக் கோட்டையும், பட்டாளத்தார் தங்கும் இடங்களும், 1820-ஆம் ஆண்டு ரேனியுஸ் ஐயர் வந்தபின் பெருகிய பள்ளிக்கூடங்களும் இருந்தன. கோயிலுக்குச் செல்வோர், சரக்கு விற்போர், வழக்குக்காக அலைவோர், கடிதம் சுமப்போர் யாவரும் ஒரு நாளில் இருமுறையேனும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். கோடையில் மணலிலும் முழங்கால் நீரிலும் நடந்து செல்வர். ஆனால் நம் நதியோ ஒரு பருவத்து மழையை மட்டும் நம்பிய நதியன்று. மேல்காற்று மழை மலையிற் பெய்யுங்கால் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மற்றொருமுறையும் பெருகும். அக்காலங்களில் படகொன்றே கதி. படகிலேறும் துறையில் முந்துவோர்க்கும் பிந்துவோர்க்கும் நேர்ந்த சச்சரவுகள் அடிதடியாய் முற்றி, உயிர்ச்சேதம் வரை சென்றதுமுண்டு என்று சொல்லுவர். காலையில் அக்கரை சென்ற கணவன் மாலையில் மீளுவான் என்பது மழைக்காலத்தில் உறுதியில்லாத செய்தியாகவே இருந்தது.

இனிச் சிரஸ்தார் என்னும் உத்தியோகத்தைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் இன்றியமையாதது; ஏனெனில் அப்பதவியே இக்காலத்து மாணவர்க்குப் பெயரளவில் நிற்பது. கும்பினியார் ஆட்சியில் ஜில்லா முழுமைக்கும் தலைவர் கலெக்டர். அவர் சீமையிலிருந்து வந்தவர். சில ஆண்டுகள் இருந்து மாற்றலாகிப் போகிறவர். அவர்க்கு அடுத்தபடியில் நம் நாட்டார் எட்டக்கூடிய உயர்ந்த ஸ்தானம் ஹுஸூர் சிரஸ்தாருடையது. கிராமக் கணக்கர் எழுதிய கணக்குத் தாசில்தார் வழியாக ஏறிவந்து அவர் மேஜையில் நிற்கும். குடிகளுடைய அர்ஜிகளை வாசித்து, அவற்றின் சாரத்தைக் கலெக்டருக்கு எடுத்துரைப்பவர் அவர். ஜமாபந்திக்கு வேண்டிய குறிப்புக்களை ஒழுங்குசெய்பவரும் அவரே. ஆலோசனை நடக்குங்கால் எந்தக் காரியம் முன்னே வரவேண்டும், எது பின்னே நிற்கவேண்டும், பழைய வழக்கம் யாது, எந்த மிராசுதார் என்ன சொல்லுவார் என்பனவெல்லாம் அவர் நாவிலிருந்தே வெளிப்படும். கையொப்பம் கலெக்டருடையது. ஆயினும் கையொப்பமிடும் காகிதம் இன்னபடி எழுதப்படவேண்டும் என்னும் தீர்மானம் பெரும்பாலும் அதற்கு முன்பே பிறந்துவிடும். முடிவு செய்யும் அதிகாரம் ஒருவரிடத்தும், முடிவுக்கு வேண்டிய அறிவு மற்றொருவரிடத்தும் பிரிந்து கிடந்த காலம் அது.

இப்படிப்பட்ட பதவி நல்லவனிடத்தில் நன்மைக்கும், தீயவனிடத்தில் தீமைக்கும் எத்துணை இடங்கொடுக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். கோயம்புத்தூர்க் கச்சேரியில் கஜானாப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி என்பவர் கலெக்டரைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு ஜில்லாவையே ஆட்டிவைத்த செய்தியும், 1815-ஐ அடுத்த ஆண்டுகளில் தாமஸ் மன்றோ அதனை விசாரித்த செய்தியும் சரித்திரம் படிப்போர் அறிந்தவை. அக்காலத்துக் கச்சேரிப் பெரிய உத்தியோகஸ்தர் என்றாலே துரைமாருக்கும் ஐயம், குடிகளுக்கும் அச்சம். அவ்வையமும் அச்சமும் முற்றும் ஆதாரமற்றவையென்று நாம் வாதிக்க முன்வரவில்லை. அவற்றினிடையே ஒரு சிரஸ்தார் ஒரு கூட்டத்தில் இருந்து என்ன செய்தார் என்பதே நம் கதை.

சுலோசன முதலியாருடைய முன்னோர் தொண்டைமண்டலத்தில் திருமணம் என்னும் கிராமத்தைச் சேர்ந்த செல்வக் குடியினர். தந்தையார் இராமலிங்க முதலியார். கும்பினியாரிடத்தில் துபாஷியாக உத்தியோகம் பார்த்தவர். 1799-ஆம் ஆண்டு மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியின்மேற் படைகொண்டு சென்றபோது கட்டபொம்ம நாயக்கரிடம் தூதுபோன இராமலிங்க முதலியார் இவருடைய தந்தையாரே என்பர். கோட்டை வாசலுக்குள் அன்று சென்று மீண்டவருடைய மகன், நாற்பதாண்டு கழித்து அதே சீமையில் ஒரு பாலத்திற்குக் காரணராயினார் என்பது வியப்புக்குரிய தொடர்ச்சிதான். எனினும் மகனுடைய புகழ் தந்தையின் உத்தியோகத்தால் வந்ததன்று. அவ்வளவில் அதனை நிறுத்துவோம்.

1840-ஆம் ஆண்டு நம் ஜில்லாவுக்குக் கலெக்டராயிருந்தவர் இ. பி. தாம்சன் துரை. ஆற்றைக் கடப்பதிலுள்ள துன்பத்தை நீக்க வழியாதென்று ஆராய அவர் ஓர் ஆலோசனைக் கூட்டம் கூட்டினார். கேப்டன் பேபர், டபிள்யூ. எச். ஹார்ஸ்லி முதலிய துரைமார்களோடு சிரஸ்தார் என்ற முறையிற் சுலோசன முதலியாரும் அதில் அமர்ந்திருந்தார். பாலம் வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாறுபாடில்லை. வரைபடம் ஆயத்தம்செய்யும் பொறுப்பு ஹார்ஸ்லியிடம் சேர்ந்தது. படமும் வந்தது, அதனோடு மதிப்புத் தொகையும் வந்தது. ஏறக்குறைய அரை லக்ஷம் ரூபாய்! தொகையைக் கேட்டபின் பாலம் வேண்டும் என்ற குரல்கள் சிறிது தாழ்ந்திருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம். எந்தக் கூட்டத்திலும் அவ்வாறே நிகழ்கின்றது.

ஏன் சர்க்கார் பணத்தில் கட்டலாகாது என்று மாணவர் கேட்பர். அக்காலத்தில் கும்பினி சர்க்கார் பொது வேலைகளுக்குப் பொருள் செலவிடுவதிற் பெரிதும் சுருக்கமுடையதாயிருந்தது. மராமத்து வேலைகள் புறக்கணிக்கப்பட்டமையைப்பற்றி 1852-ஆம் ஆண்டில் ஒரு கமிஷனே அறிக்கை எழுதவேண்டி வந்தது. அணையென்றால் நஞ்சை பெருகும், நஞ்சை பெருகினால் கிஸ்தி பெருகும். ஆர்தர் காட்டன் துரை காவேரியிலும் கோதாவரியிலும் வேலை நடத்தற்குச் செய்த வாதம் அவ்வழிப்பட்டது. ஆற்றைக் கடக்கும் பாலமோ ஒரு காசும் கிஸ்தி தாராது. நகரசபையும் ஜில்லா போர்டும் அன்று பிறக்கவில்லை. ஆகவே பொதுஜனங்களிடம் நன்கொடை திரட்டுவது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. திரட்டும் வேலை யாருடையது? குடிகள் பெயரும் அவரவர் நிலபுலமும் அறிந்த சிரஸ்தாருடையதே.

இங்கேதான் நாம் சிறிது தங்கி நிற்க விரும்புகிறோம். முதலியார் கொடைவள்ளல் என்பதை எல்லாரும் சொல்லிவிடுகின்றனர். அவர் கொடுத்ததற்குக் காரணம் ஈகைக்குணம் மட்டுமே என்று முடித்துவிட்டால், அவருடைய உத்தியோக அறிவைக் குறைத்து மதித்தவராவோம். சிரஸ்தார் ஒருவர் நன்கொடைச் சீட்டை நீட்டினால் அது நன்கொடையாக இராது என்பதை அவரினும் நன்கு அறிந்தவர் அக்கூட்டத்தில் வேறொருவருமில்லை. கலெக்டருக்கு அது ஜனங்களின் விருப்பம். கிராமத்திலோ அது புதிய வரி. தாசில்தார் கேட்கும்பொழுது தொகை சற்று ஏறும். மணியக்காரர் கேட்கும்பொழுது இன்னும் ஏறும். இறங்குவது ஒன்றே, அது பாலத்தின் கணக்கில் வந்து சேரும் தொகை. இயலாதென்று சொல்லும் குடியானவன், அடுத்த ஜமாபந்தியில் தன் தீர்வை என்னவாகுமோ என்று அஞ்சியே சொல்லவேண்டும். ஏற்கெனவே ரயத்துவாரித் தீர்வையின் பாரம் சுமந்தவர்களிடம் இதனையும் கேட்பதா என்னும் எண்ணம் முதலியாரை வருத்திற்று என்றே நம் நாட்டார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். நமக்கு அது முற்றும் பொருந்துவதாகத் தோன்றுகின்றது. கூட்டத்தில் எல்லாரும் இசைந்த முடிவு ஒன்று, கூட்டத்திற்கு வெளியேயுள்ள எளியவர் மேல் எவ்வாறு விழும் என்பதை ஆராய்பவனே நல்ல அதிகாரி. அவ்வாராய்ச்சியைச் செய்தவர் அன்று சிரஸ்தார்.

ஆராய்ந்தவருக்கு வழிகள் பல இருந்தன. முடிவைத் தாமதிக்கச் செய்யலாம். காகிதத்தைக் கட்டின் அடியில் வைத்துவிடலாம். கச்சேரியில் பழகியவர்க்கு அது கடினமன்று. செல்வர் சிலரை மட்டும் நெருக்கித் தொகையை முடித்துக் கலெக்டரிடம் நற்பெயர் பெறலாம். அவையொன்றும் செய்யாமல், பாலத்தின் செலவு முழுவதையும் தாமே ஏற்பதென்று அவர் துணிந்தார். இது குறித்து வீட்டில் நடந்ததாகக் கூறப்படும் கதை நம் ஊர்களில் யாவரும் அறிந்ததே. கவலையோடு வீடு திரும்பிய கணவரைக் கண்டு, மனைவியார் வடிவாம்பாள் காரணம் வினவி, தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்து அவர் துணிவுக்குத் துணைநின்றார் என்பர். மறுநாள் பொருளும் நகையும் கலெக்டர் முன் வைக்கப்பட்டபோது துரை வியந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டார் என்பதும் அக்கதையின் பகுதி. கதையில் அம்மையார்க்கு ஒரு காட்சியே உண்டு. அரை லக்ஷம் ஒரு குடும்பத்தினின்று வெளியேறியபின் அக்குடும்பத்தை நடத்தியவர் அவரே என்பதைக் கதை சொல்லுவோர் மறந்துவிடுகின்றனர்.

தாம்சன் துரைக்குரிய புகழையும் நாம் மறைத்தலாகாது. உத்தரவிட்டு முடிக்கும் அதிகாரம் உடையவராயிருந்தும், பொறிவல்லாரையும் கச்சேரித் தலைவரையும் ஒருங்கே இருத்தி யோசனை கேட்டார். தமக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் தம்மினும் பெரிய காரியம் செய்ய முன்வந்தபோது இடம்விட்டு நின்றார். பாலத்திற்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளாததும் சிறு காரியமன்று. கலெக்டர்மார் பெயர் தாங்கிய தெருக்களும் பேட்டைகளும் நம் மாகாணத்தில் எத்தனை!

வேலை தொடங்கி மூன்றாண்டளவில் நிறைவேறிற்று. பாலத்தின் நீளம் 760 அடி. அகலம் இருபத்தொன்றரை அடி. 60 அடி அகலமுள்ள வளைவுகள் 11. பதினொன்றை அறுபதாற் பெருக்க 660 ஆகும். எஞ்சிய நூறடி பெரும்பாலும் இடைக்கால்களுக்குரியது. நீர் செல்லும் வழி ஏழு பங்குக்கு ஆறு பங்குக்கு மேற்பட்டிருத்தலைக் கணித மாணவர் கண்டுகொள்வர். வெள்ளத்தை எதிர்த்து நிற்பதினும், வெள்ளத்திற்கு வழிவிட்டு நிற்பதே ஹார்ஸ்லியின் கருத்து என்பது இதனால் தெளிவாம். தேம்ஸ் நதியின்மேல் 1817-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தின் சாயலில், வளைவுகளுக்கிடையே இரட்டைத் தூண்கள் தோன்ற அவர் இதனை அமைத்தார். அந்த இலண்டன் பாலம் அடித்தளம் அமிழ்ந்து பழுதுற்று 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் இடித்தகற்றப்பட்டது. மூலம் போயிற்று, நெல்லையிலுள்ள சாயல் நிற்கின்றது.

1843-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27-ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. யானைகள் முன்செல்ல, மேளம் முழங்க, முதலியாரை முன்னிட்டுக்கொண்டு கலெக்டரும் ஜனங்களும் நடந்து கடந்தனர் என்று சொல்லுவர். கார்த்திகை மாதத்து நீர் கீழே ஓட, படகுக்காரரை அழையாமல் இக்கரையார் அக்கரை சேர்ந்த முதல் மழைக்காலம் அதுவே. படகுக்காரர் அன்று என்ன எண்ணினரோ! ஒரு நன்மை வருங்கால் ஒருசாரார் பிழைப்பு அடிபடுவதைச் சரித்திரக்காரர் குறிப்பதில்லை.

இருபத்தாறு ஆண்டு கழித்து, 1869-ஆம் ஆண்டில், நதி பாலத்தைச் சோதித்தது. பெருவெள்ளம் வந்து பாலத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. இரண்டாண்டுக்குள் அது செப்பனிடப்பட்டது. இம்முறை தனியொருவர் நகையைக் கழற்ற வேண்டிய நிலை இல்லை. இடையில் காலம் மாறியிருந்தது. 1865-ஆம் ஆண்டின் பட்டண அபிவிருத்திச் சட்டப்படி 1866-ஆம் ஆண்டில் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தனித்தனி நகரசபைகள் பெற்றன. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சாலை முதலியவற்றுக்கென ஸ்தல நிதியும், 1884-ஆம் ஆண்டுச் சட்டங்களால் விரிந்த அதிகாரங்களுடைய நகரசபைகளும் போர்டுகளும் ஏற்பட்டன. வரி விதிப்பதும் அதனைச் செலவிடுவதும் சிறிது சிறிதாக அங்கத்தினர் கூடிப் பேசித் தீர்மானிக்கும் காரியமாயின. உத்தியோகஸ்தர் அங்கே கணக்கையும் சட்டத்தையும் பழைய வழக்கத்தையும் எடுத்துவைப்பார்; கையுயர்த்துவோர் அங்கத்தினர்.

இதனை நோக்குங்கால், முதலியார் செயலை ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்னும் கேள்வி எழுகின்றது. நம் நண்பர் ஒருவர் இதுபற்றி நம்மோடு வாதித்ததுண்டு. பொதுக்காரியம் ஒரு செல்வரின் மனத்தை நம்பி நிற்பது நன்றன்று, முதலியார் வறியவராயிருந்தால் பாலமே இல்லை என்பது அவர் கட்சி. நாமும் அதனை மறுக்கவில்லை. நகரசபை உள்ள காலத்தில் ஓர் உத்தியோகஸ்தர் தம் பணத்தாற் பாலம் கட்டப் புகுவாராயின், அவர் பணம் எங்கிருந்து வந்ததென்று கேட்பதே முறை. ஆனால் முதலியார் இருந்தது அத்தகைய சபையொன்றும் இல்லாத காலம். குடிகளுக்கு அக்கூட்டத்தில் இடமில்லை. அவர்கள் பொருட்டுப் பேசுவோரும் இல்லை. அவர்கள் நிலையை அறிந்தவர் ஒருவர் மட்டும் அங்கிருந்தார். பேசிப் பயனில்லையென்று கண்டாரோ, பேசினாலும் பாலம் தடைப்படும் என்று அஞ்சினாரோ, அவர்கள் கொடுக்கவேண்டியதைத் தாம் கொடுத்தார். அவருடைய கொடையை நாம் மதிப்பது தொகைக்காக அன்று. கூட்டத்தில் இல்லாதவர்களைக் கூட்டத்திற்குள் கொண்டுவந்த அவ்வொரு நினைவுக்காக.

பின்வந்த செய்திகளைச் சுருங்கச் சொல்லி விடுவோம். 1876-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திருநெல்வேலிக்கு வந்தபின் பாலத்தின்மேல் வண்டிப்போக்கு மிகுந்தது. மாட்டுவண்டி இரண்டு எதிரெதிரே செல்லப் போதுமான இருபத்தொன்றரை அடி, மோட்டார் பஸ் காலத்திற்குப் போதாதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலம் அகலப்படுத்தப்பட்டது. அண்மையில் அதனருகே புதிய பாலம் ஒன்றும் எழுந்து சுமையைப் பங்கிட்டுக்கொண்டது. 1994-ஆம் ஆண்டில் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகரசபைகளும் தச்சநல்லூரும் ஒன்றாக்கப்பட்டு மாநகராட்சியாயின. இருகரைக்கும் ஒரே சபை வர, இருகரைக்கும் ஒரே பாதை வந்தபின் 151 ஆண்டு சென்றது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையை நம் மாணவர் யாவரும் கண்டவர்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றிலும் வெள்ளம் நின்றது. வீதிகள் ஓடைகளாயின. பழுப்பு நிற நீர் வளைவுகளை நிரப்பிச் சுழித்தோடியதை எட்டநின்று கண்டவர், 1869-ஐ நினைந்திருப்பர். வெள்ளம் வடிந்த சில வாரங்களில், மாணவர் சிலரோடு நாம் ஆற்றுக்குள் இறங்கினோம். கரையோரத்து மரங்களிலும் செடிகளிலும் துணியும் வைக்கோலும் தொங்கின. பாலத்தின் மேலே பஸ்களின் ஆரவாரம். கீழே நீரின் ஓசை தவிர வேறில்லை. முதலியாருடைய கொடையைக் கூறும் கல்லெழுத்தை வாசித்துவந்த மாணவரொருவர், ஒரு கரையிலிருந்து மறுகரை நோக்கி வளைவுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். பதினொன்றும் இருந்தன.